ஒன்று புள்ளி எண்பத்திரண்டு

முதலில் அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைத்துவிடச் சொல்லுங்கள் சார். வாக்குமூலம் எழுதுகிறவருக்குத் தாள் பறக்கிறது. ஒரு கையால் தாளையும் ஒரு கையால் பேனாவையும் பிடித்துக்கொண்டு எழுதினால் எழுத்து கோணிக்கொள்ளும். நான் சொல்லப்போவதில் எண்கள் நிறைய வரும். ஒரு புள்ளி இடம் மாறினாலும் விஷயம் கெட்டுவிடும்.

என் பெயர் பரணிதரன். வயது நாற்பத்திரண்டு. கும்பகோணத்தில் ஒரு தனியார் இன்டர்நெட் கம்பெனியில் பதினாறு வருடமாக நெட்வொர்க் பார்க்கிறேன். முப்பத்தேழு ரூட்டர்கள் என் பொறுப்பு. சொந்த ஊர் தென்பாதி. உங்கள் மேஜையில் இருக்கிற மனுவின் கையெழுத்து இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. அதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கும் புரியும், எனக்கும் பாரம் இறங்கும்.

எங்கள் ஊரை நாணலாறு இரண்டாகப் பிரிக்கிறது. ஆறு என்று பெயர்தான், உண்மையில் பெரிய வடிகால். தென்கரையில் தென்பாதி. நானூறு ஏக்கர் நஞ்சை. வடகரையில் வடபாதி. நாற்பத்தாறு வீடுகள், பள்ளமான இடம். எங்கள் வயலில் நாற்று நடுவது, களை எடுப்பது எல்லாம் அந்தக் கரையிலிருந்து வருகிறவர்கள்தான். கார்த்திகை மழையில் ஆறு நிறைந்தால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். தென்கரை மதகின் ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் எங்கள் வயலில் பரவி, பயிர் போகும். தூக்காவிட்டால் மேலே வடகரை உடைந்து வீடு போகும்.

அதனால் மழைக்காலம் வந்தால் இரண்டு கரைக்காரர்களும் ஷட்டரடியில் காவல் உட்காருவார்கள். தூக்கிவிடப்போகிறார்கள் என்று எங்கள் ஆட்கள். தூக்காமல் விட்டுவிடப்போகிறார்கள் என்று அவர்கள் ஆட்கள். யார் கையிலும் மண்வெட்டி இருக்கக்கூடாது என்பது பேச்சு. ஆனாலும் எங்காவது ஒரு மண்வெட்டி இருக்கும். ஷட்டரடியில் தண்ணீர் எப்போதுமே உயரமாகத்தான் தெரியும். கொட்டுகிற மழையில் கண்ணளவு தென்கரைக்காரனுக்கு ஒன்று, வடகரைக்காரனுக்கு வேறொன்று. வருடா வருடம் மண்டை உடையும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அதை நிறுத்தியது நான்தான் சார். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்தது அது. நாலு கிலோமீட்டர் மேலே, தலைமடையில், தண்ணீர் மட்டத்தை அளக்கிற கருவி ஒன்றை வைக்கச் சொன்னேன். இரண்டு கரையும் சேர்ந்து பாசன சங்கம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். அந்தச் சங்கத்துக்கு என் கம்பெனியில் பேசி இலவசமாக லைன் கொடுத்தேன். ஷட்டர் பக்கத்தில் சங்கத்துக் கட்டிடம், அதில் ஒரு கம்ப்யூட்டர். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கருவி எண் அனுப்பும். இரண்டு புள்ளி பத்து மீட்டர் வந்தால் ஷட்டரைத் தூக்க வேண்டும், ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. இதுதான் ஒப்பந்தம். தென்கரையில் முதல் கையெழுத்து என் அப்பா வைத்தியலிங்கம் போட்டது. ஷட்டரைத் தூக்கினால் முதலில் முழுகுவது எங்கள் பதினெட்டு மாதான். ஆறு ஏக்கர்.

அதற்குப் பிறகு ஷட்டரடியில் சீட்டாடினார்கள் சார். அந்த எண்ணை இரண்டு கரையும் நம்பின. தென்கரைக்காரன் பிள்ளை வைத்தது என்று எங்களவர்கள் நம்பினார்கள். கம்ப்யூட்டரில் உட்காருவது வடபாதிப் பெண் என்பதால் அவர்கள் நம்பினார்கள். அவள்தான் செம்மொழி. அந்த வேலைக்கு அவளைச் சொன்னதும் நான்தான். பி.எஸ்சி. படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ஒரு தடவை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வாள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

இப்போது சோதனை விஷயம். இது புரியாவிட்டால் மற்றது புரியாது.

தபால் என்று வைத்துக்கொள்ளுங்கள். உறையின் பின்பக்கம் அனுப்புநர் பட்டுக்கோட்டை என்று எழுதியிருக்கிறது. ஆனால் அது வந்து சேர்ந்தது மயிலாடுதுறைப் பையில். யாரோ பொய் முகவரி போட்டு அனுப்பியிருக்கலாம் அல்லவா. இணையத்தில் இது தினமும் நடக்கிறது. அடுத்தவன் முகவரியைப் போட்டுக்கொண்டு அக்கிரமம் செய்வார்கள். அதனால் ரூட்டரில் ஒரு சோதனை வைக்கிறோம். ஒவ்வொரு பொட்டலத்தையும் அது பார்க்கும். இந்த அனுப்புநருக்கு நான் பதில் போட்டால் எந்த வழியில் போடுவேன், அதே வழியில்தான் இது வந்திருக்கிறதா. ஆமாம் என்றால் விடும். இல்லை என்றால் கீழே போட்டுவிடும். அனுப்பியவருக்கும் தெரியாது, பெற வேண்டியவருக்கும் தெரியாது. சத்தமே இருக்காது.

நல்ல சோதனை சார். எல்லா ஊரிலும் செய்யச் சொல்கிறார்கள். எங்கள் தலைமை அலுவலகமும் அந்த மாதக் கடைசிக்குள் எல்லா வாடிக்கையாளர் லைனிலும் போட்டுவிடுங்கள் என்று பட்டியல் அனுப்பியிருந்தது. ஒரே ஒரு சிக்கல். சில இடங்களுக்கு இரண்டு வழி இருக்கும். வழக்கமாகக் கேபிள், கேபிள் அறுந்தால் டவர். டவர் வழியாக வரும்போது ரூட்டர் இன்னும் கேபிள் வழியையே நினைத்துக்கொண்டிருக்கும். நல்ல தபாலைக்கூட வழி மாறி வந்தது என்று கீழே போட்டுவிடும். அதனால் அந்த இடங்களுக்குக் கண்டிப்பான சோதனை கூடாது, தளர்வானதுதான் போட வேண்டும். எங்கள் ஆபீஸ் சுவரில் இதை ஒட்டி வைத்திருக்கிறோம். எழுதி ஒட்டியது நான்.

தலைமடைக் கருவிக்கு இரண்டு வழி.

அன்றைக்குக் காலை எட்டரைக்குத் தலைமடைப் பக்கம் ஒரு தூங்குமூஞ்சி மரம் விழுந்து கேபிள் அறுந்தது. கருவி தானாக டவருக்கு மாறிக்கொண்டது. நான் ஸ்க்ரீனில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எண் ஒழுங்காக வந்தது.

ஒன்பதேகாலுக்கு அப்பா போன் செய்தார். அன்றைக்கு அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். எழுதிக்கொள்ளுங்கள்.

"தண்ணி ஏறுதுடா பரணி. கதிரு இப்பத்தான் எட்டிப் பாக்குது. இந்த வருசமும் போச்சுன்னா..." என்றார். பிறகு மழைச்சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டார்.

அந்த மௌனம் என்னவென்று உங்களுக்குத் தெரியாது சார். தொடர்ந்து இரண்டு சம்பா முழுகியது. இரண்டாவது தடவை, மூன்று வருடத்துக்கு முன்னால், அவர் மோட்டார் கொட்டகைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். கதவை உடைத்துத்தான் தூக்கி வந்தோம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். கண் விழித்ததும் என்னைப் பார்த்து, "எதுக்குடா தூக்கியாந்தீங்க" என்றார். நான் கழிப்பறைக்குள் போய் அழுதேன். அந்தப் பதினோரு நாளும் எனக்கு இன்னும் முடியவில்லை. அவர் போனை எடுக்க இரண்டு தடவை மணி அதிகமாக அடித்தால் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு ஓடுவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு என் வேலை மேல் மரியாதை கிடையாது. "ஒயரப் புடிச்சா நெல்லு வெளயுமா" என்பார். கல்யாண வீட்டில், பத்துப் பேர் முன்னால் சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

பத்து நாற்பதுக்கு எண் ஒன்று புள்ளி எழுபத்தெட்டு. பத்து ஐம்பதுக்கு ஒன்று புள்ளி எண்பத்திரண்டு. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மதியம் பன்னிரண்டுக்குள் இரண்டு புள்ளி பத்து. ஷட்டர் தூக்குவார்கள். பன்னிரண்டரைக்கு எங்கள் பதினெட்டு மா முழுகும். ஒரு மணிக்கு மோட்டார் கொட்டகை. என் மனசு அப்படித்தான் அடுக்கியது. வேறு எதையும் பார்க்க முடியவில்லை. அப்பா சாகப்போகிறார் என்பது அந்த ஸ்க்ரீனிலேயே எழுதியிருந்த மாதிரி இருந்தது.

பத்து ஐம்பத்திரண்டுக்கு அந்த ரூட்டருக்குள் போனேன். தலைமடை லைனில் கண்டிப்பான சோதனையைப் போட்டேன். ஒரே வரி சார். பட்டியலில் இருந்த வேலை. பட்டியலில் டிக் கூட அடித்தேன்.

எண் நின்றுவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு குறை உண்டு. புது எண் வராவிட்டால் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். பச்சை எழுத்தில், அழகாக. ஒன்று புள்ளி எண்பத்திரண்டு. சரிசெய்ய வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் நினைத்தது கொஞ்ச நேரம்தான். மழை விடும், மேலே தண்ணீரைக் குறைப்பார்கள், ஒரு மணி நேரம் தள்ளினால் ஆறு தானாக இறங்கிவிடும். முன்பு அப்படி இறங்கியதும் உண்டு. வடபாதிக்காரர்கள் கொஞ்சம் நனைவார்கள், பள்ளிக்கூடத்தில் போய் உட்காருவார்கள், அவர்களுக்கு அது பழக்கம் என்று நினைத்தேன். இதை அப்படியே எழுதுங்கள். நான் அன்றைக்கு நினைத்தது இதைத்தான்.

பன்னிரண்டு பத்துக்குச் செம்மொழி கூப்பிட்டாள்.

"அண்ணே, நம்பரு ஒண்ணு எம்பத்திரெண்டுலயே நிக்குதுண்ணே. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. மழை இந்த ஊத்து ஊத்துது. நீங்க எதாவது மாத்துனீங்களா?"

"இல்லம்மா" என்றேன். "மேல தண்ணிய நிறுத்தியிருப்பாங்க. வர்றதும் போறதும் சமமா இருந்தா நம்பர் நிக்கும்."

"அப்புடியாண்ணே" என்றாள். அவள் குரலில் நிம்மதி வந்தது. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைக்கிற பெண். பின்னால் துரைராசு கத்துவது கேட்டது. வடபாதிக்காரர், அவர்கள் பக்கக் காவலில் அவர்தான் பெரியவர். "நம்பரு என்னா சொல்லுது, நம்பர கேளு" என்றார். தூக்கு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எண் வராமல் தூக்கச் சொல்லக்கூடாது என்பது பேச்சு. ஐந்து வருடமாக அந்தப் பேச்சைக் காப்பாற்றிய மனிதர். அன்றைக்கும் காப்பாற்றினார்.

சரியாக ஒரு மணிக்கு மறுபடி கூப்பிட்டாள்.

"மனசு கேக்கலண்ணே. நான் வண்டிய எடுத்துக்கிட்டு தலைமடைக்குப் போயி கண்ணால பாத்துட்டு வந்துடுறேன். அளவுக்கல்லு இருக்குல்ல, பாத்தாத் தெரிஞ்சிடும்."

தலைமடைக்கு வண்டி போகிற பாதை வடகரை மேலேயே போகிறது. அது எனக்குத் தெரியும். அப்போது கரையில் எவ்வளவு தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும் என்பதும் கணக்குப்படி தெரியும்.

"பாத்துப் போம்மா" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். இதை நினைத்துத்தான் தூக்கம் வருவதில்லை என்று நீங்கள் நினைக்கலாம். தூக்கம் வருகிறது சார். சாப்பாடுதான் இறங்குவதில்லை.

ஒன்று முப்பத்தெட்டுக்கு வடகரை உடைந்தது. தலைமடைக்கு இந்தப் பக்கம் அரைக் கிலோமீட்டரில். அவள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள் என்று சொல்கிறார்கள். போன் மழையில் நனைந்து நின்றுபோயிருக்கும், வழியெல்லாம் கையை ஆட்டிக்கொண்டே வந்தாளாம். இருபது நிமிடத்தில் நாற்பத்தாறு வீட்டிலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டிவிட்டது. ஐந்து பேர். செம்மொழி. படுத்த படுக்கையாக இருந்த துரைராசுவின் தாயார். தையல் மிஷினை எடுக்கத் திரும்பிப்போன ஒரு பெண்ணும் அவள் கைக்குழந்தையும். ஐந்தாவது ஆள் தியாகராசன். எங்கள் வயலில் முப்பது வருடம் வரப்பு அண்டை வெட்டியவர். எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

ஒன்று நாற்பத்து மூன்றுக்கு நான் அந்த வரியை எடுத்துவிட்டேன். உடனே எண் வந்தது. இரண்டு புள்ளி அறுபத்து நாலு. பச்சையில் இருந்தது சிவப்பாக மாறியது. சைரன் அடித்தது. கேட்க வேண்டியவர்கள் யாரும் கேட்கிற நிலையில் இல்லை.

எங்கள் பயிர் நின்றது. ஒரு கதிர்கூடச் சாயவில்லை.

கம்பெனியில் விசாரித்தார்கள். பட்டியல் வேலை, அவசரத்தில் தளர்வுக்குப் பதில் கண்டிப்பைப் போட்டுவிட்டார், மனிதத் தவறு என்று எழுதி முடித்துவிட்டார்கள். அதோடு போயிருக்கும். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. துரைராசு என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிஷினு ஏமாத்திடுச்சு தம்பி, ஒன்ன சொல்லி என்னா" என்றார். தாயாரைப் புதைத்துவிட்டு வந்த கை.

இனி அந்த மனு.

நீங்கள் கேட்காமல் காத்திருக்கிறீர்கள். போன் பட்டியலைக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். அப்பா ஒரு தடவைதான் பேசினார் என்று சொன்னேன் அல்லவா. அடித்துவிட்டு இரண்டு என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது, பதினொன்று இருபதுக்கு. நாலு நிமிடம். அவர் மனுவிலும் அதே நேரம்தான் இருக்கும். அப்பா நேரத்தில் பிசக மாட்டார்.

நான் அந்த வரியைப் போட்டு இருபத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது. போனில் அவர் பெயரைப் பார்த்ததும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவர் குரல் தெளிவாக இருந்தது. அவ்வளவு தெளிவாக நான் மூன்று வருடத்தில் கேட்டதில்லை.

"பரணி, காலைல நான் பேசுனத நெனச்சிப் பயந்துகிட்டு இருக்காத. நான் கொட்டாய்ல இல்ல, ஷட்டருகிட்டதான் நிக்கிறேன். தொரராசு பக்கத்துல இருக்காரு. நம்ம ஆளுங்ககிட்ட சொல்லிட்டேன், நம்பரு வந்ததும் தொறந்து விட்டுடலாம்னு. பயிரு போனாப் போவட்டும். அடுத்த போகம் இருக்கு. அங்கிட்டுப் புள்ளகுட்டி இருக்குடா. நான் ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன். ஒங்கம்மா மேல சத்தியம்."

பிறகு கேட்டார். "செம்மொழி நம்பரு நவுரலங்குது. நீ பாத்துச் சொல்லு. நீ சொன்னா சரிதான். இப்ப எவ்வளவு?"

அந்த நேரத்தில் உண்மை அளவு ஒன்று புள்ளி தொண்ணூற்றேழு இருந்திருக்கும். நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்னும் பதின்மூன்று சென்டிமீட்டர் பாக்கி. அந்த வரியை அப்போதே எடுத்திருந்தால் எண் ஒரு குதி குதித்திருக்கும், அவ்வளவுதான். நாற்பது நிமிடத்தில் ஷட்டர் தூக்கியிருப்பார்கள். வடபாதியில் ஒரு கோழிக்குஞ்சுகூடச் செத்திருக்காது. அப்பாவும் சாகமாட்டார், அவரே சொல்லிவிட்டார். என் பயத்துக்கு இருந்த ஒரே காரணம் அந்த நாலு நிமிடத்தில் தீர்ந்துபோனது.

விரல் கீபோர்டு மேல்தான் இருந்தது.

ஏன் எடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கிறீர்கள். நானும் ஒன்றரை மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரூட்டரின் பதிவில் ஏறியிருக்குமே, ஆபீஸில் கேட்பார்களே என்று பயம் என்று முதலில் நினைத்தேன். அது கொஞ்சம்தான். எனக்குக் கோபம் வந்தது சார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பிறந்ததிலிருந்து அவருக்காக நான் செய்த ஒரே பெரிய காரியம் அது. ஒயரைப் பிடித்து நெல்லைக் காப்பாற்றியிருந்தேன். அவரோ பயிர் போனால் போகட்டும் என்கிறார். தை மாதம் அவர் அறுப்பு அறுத்து, நெல்லைக் குவித்துப் பட்டறை போட்டு, அதன் முன்னால் நிற்கும்போது ஒருநாள் சொல்லலாம் என்று, அந்த இருபத்தெட்டு நிமிடத்துக்குள் நான் எவ்வளவோ நினைத்துவிட்டேன். அதை விட்டுக்கொடுக்க முடியவில்லை.

"ஒண்ணு எம்பத்திரெண்டுதாம்பா" என்றேன். "நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பயப்பட ஒண்ணுமில்ல."

"சரிடா" என்றார் அப்பா. அங்கிருந்தே துரைராசுவிடம் சொல்வது கேட்டது. "எம்புள்ள பாத்துட்டான். ஒக்காருங்க, ஒண்ணும் இல்ல."

அந்த வார்த்தையை அவர் வாயால் நான் அதுவரை கேட்டதில்லை. என் பிள்ளை பார்த்துவிட்டான் என்று. நான் போனை வைத்துவிட்டு ஒரு டீ வரவழைத்துக் குடித்தேன். நன்றாக இருந்தது.

இப்போது தை பிறந்து ஏழு நாள் ஆகிறது. பக்கத்து வயலெல்லாம் அறுத்தாயிற்று. எங்கள் பதினெட்டு மாவும் முற்றி, தலை சாய்ந்து, நெல் தரையில் கொட்டிக்கொண்டிருக்கிறது. அப்பா அறுக்கமாட்டேன் என்கிறார். வேறு யாரையும் வயலில் இறங்க விடவில்லை. என்னோடு பேசுவதில்லை. தினமும் காலையில் வடபாதிக்குப் போய்ச் சேறு அள்ளிப் போடுகிறார் என்று கேள்வி. அந்த மனுவை அவர் கைப்பட எழுதி, நடந்தே வந்து கொடுத்துவிட்டுப் போனார் என்று உங்கள் ஏட்டையா சொன்னார். அவர் இப்போது சாகமாட்டார் சார். அது எனக்கு நிம்மதி. அந்த விஷயத்தில் நான் நினைத்தது நடந்துவிட்டது.

எழுதி முடித்துவிட்டாரா? கொடுங்கள், படித்துப் பார்க்கிறேன். எண்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. இங்கே காரணம் என்று ஒரு இடம் காலியாக விட்டிருக்கிறார். அதில் அப்பாவின் உயிரைக் காப்பாற்ற என்று எழுதிவிடுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்.